தோட்டத்து டவுனில் மலிவுக் கடைச் சாமான்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

கல்யாணமாகிக் கிள்ளானிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்குக்கு வந்த முதல் மாதம். சம்பளம் போட்ட மறுநாளே நானும் வீட்டுக்காரரும் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பெரிய டவுனில் இருந்த ஒரு மலிவு விலைப் பேரங்காடிக்குப் போனோம். மஞ்சள் அட்டை எங்கே தொங்கினாலும் எடுத்து டிராலியில் போட்டேன். பில் 412 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். வீட்டுக்கு வந்து பைகளைப் பிரித்தால் அரிசி மூட்டையில் வண்டு. உறைந்த கோழி காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்குள்ளேயே இளகி, அந்தத் தண்ணீர் கோதுமை மாவை நனைத்துவிட்டது. ஆறு டின் சாடின் மீனில் நான்கு அடுத்த மாதத்தோடு கெடு முடிகிறது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

பிறகு இரண்டு வருடம் நோட்டுப் புத்தகத்தில் விலை எழுதி எழுதித்தான் ஒரு வழிக்கு வந்தேன். டவுனுக்குப் புதிதாக வரும் ஆசிரியைகள், தோட்டத்து லயத்தைவிட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு மாறும் குடும்பங்கள், மில்லில் புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள்: "அக்கா, எந்தக் கடை மலிவு?" அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எந்தச் சாமானை எந்தக் கடையில் வாங்குவது என்று கேளுங்கள், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

1. முதலில் உங்கள் கடைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எங்கள் மாதிரி டவுனில் நான்கு இடம் உண்டு. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் 99 ஸ்பீட்மார்ட் போன்ற சங்கிலிக் கடை. பெரிய டவுனில் இருக்கும் மைடின், எக்கோன்சேவ், லோட்டஸ், டிஎஃப் வேல்யூமார்ட் போன்ற பேரங்காடி. பரம்பரையாக நம் ஆட்களோ தவுக்கே எனும் சீன முதலாளியோ நடத்தும் மளிகைக் கடை. வாரம் ஒருமுறை கூடும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை.

சங்கிலிக் கடையில் டின், பாக்கெட், சோப்பு, பால்மாவு எல்லாம் விலை நியாயமாக இருக்கும். பச்சைக் காய்கறியும் மீனும் பெரும்பாலும் இருக்காது. பேரங்காடியில் எல்லாமே உண்டு, ஆனால் போய்வரச் செலவு உண்டு. மளிகைக் கடையில் பருப்பு, புளி, மிளகாய், கடுகு எல்லாம் நம் சமையலுக்குத் தெரிந்த தரத்தில் கிடைக்கும், அதுவும் 100 கிராம்கூட நிறுத்துத் தருவார்கள். பாசார் மாலாமில் கீரையும் காயும்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊத்தான் மெலிந்தாங்கில் படகு வந்து மீன் இறக்குகிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு பெரிய டவுனுக்குப் போய்ப் பிளாஸ்டிக் தட்டில் சுற்றிய மீனை வாங்குவது, கிணற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணிக்கு அலைகிற கதை. தேங்காயும் அப்படித்தான். பாகான் டத்தோ வட்டாரமே தேங்காய்க்குப் பேர் போனது, பெரிய கடையில் போய்த் தேங்காய் தேடாதீர்கள்.

2. போய்வரும் செலவைப் பில்லில் சேருங்கள்

பக்கத்துப் பெரிய டவுனான தெலுக் இந்தானுக்குப் போய்வர எங்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். எங்கள் பழைய மைவி காருக்கு மூன்றரை லிட்டர் குடிக்கும். அரசு உதவித்தொகையில் கிடைக்கும் பூடி95 பெட்ரோல் விலையில் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வைத்தாலே 7 வெள்ளி போயிற்று. போன இடத்தில் ஒரு தேத்தண்ணி, பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம், பார்க்கிங். 15 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பால்மாவு டின்னில் 3 வெள்ளி குறைவு என்று அவ்வளவு தூரம் ஓடினால் யாருக்கு லாபம்?

பேரங்காடிக்கு நான் மாதத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போகிறேன். 250 வெள்ளிக்குக் குறைவாக வாங்க வேண்டியிருந்தால் போவதே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து ஒரே காரில் போவோம், பெட்ரோல் பாதிப்பாதி. அவருக்கு 10 கிலோ அரிசி போதாது, எனக்கு அதிகம். அதனால் மூட்டை கணக்கில் வாங்கி வீட்டில் வந்து பிரித்துக்கொள்வதும் உண்டு.

3. எந்த நாள், எந்த நேரம்

வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் தோட்டம், மில், பட்டறை எல்லாருக்கும் மாதத்தின் முதல் வாரத்தில்தான் கையில் காசு புழங்கும். அந்த வாரச் சனிக்கிழமை பேரங்காடிக்குப் போனால் நாற்பது நிமிடம் காவுண்டர் வரிசையில் நிற்க வேண்டும். மலிவு அரிசியும் பாக்கெட் எண்ணெயும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

முடிந்தால் மாதத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய் புதனில் போங்கள். காலையில் கடை திறந்ததும் போகாதீர்கள். காய்கறியை அடுக்கி முடிக்க நேரம் எடுக்கும், அதுவரை முன்தினத்து மிச்சம்தான் தட்டில் இருக்கும். ஒருநாள் நான் சாவி கீரையை எடுக்கப் போனபோது அங்கே அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணே மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அத எடுக்காதே. பத்தரைக்கு வா, புதுசு வைப்போம்." அவர் பேர் இன்றுவரை தெரியாது. அந்தப் பத்தரை மணி கணக்கைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விளம்பரத்தாளில் வரும் விலை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரைதான். திங்கட்கிழமை போய் அதே விலையைக் கேட்டுக் காவுண்டர் பிள்ளையிடம் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் தேதி இருக்கும். "ஸ்டோக் இருக்கும் வரை", "ஒரு குடும்பத்துக்கு இத்தனை பாக்கெட்" என்பதும் அங்கேதான் இருக்கும்.

4. அரசு விலை வைத்த சாமான்களை மனப்பாடம் செய்யுங்கள்

எந்தக் கடையாக இருந்தாலும் இதற்குமேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு உள்ள சாமான்கள் உண்டு. உள்நாட்டு வெள்ளை அரிசி கிலோ 2 வெள்ளி 60 காசு, 10 கிலோ மூட்டை 26 வெள்ளி. சாதாரணச் சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு, நைசு சீனி 2 வெள்ளி 95 காசு. உதவித்தொகை எண்ணெய் 1 கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. 14 கிலோ கேஸ் சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு, கேஸை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டக் கூலி தனி.

இந்தச் சாமான்களுக்காகப் பேரங்காடிக்குப் போக வேண்டியதே இல்லை. பக்கத்து மளிகைக் கடையிலும் அதே விலைதான். ஆனால் பாக்கெட் எண்ணெய் குடிமக்களுக்கு மட்டுமே, ஒருவருக்கு இத்தனைதான் என்று கடையில் எழுதிப் போட்டிருப்பார்கள், அடையாள அட்டையான மைகாட்டைக் கேட்டாலும் கேட்பார்கள். மளிகைக் கடையில் தொடர்ந்து சாமான் வாங்குகிறவருக்குத் தவுக்கே இரண்டு பாக்கெட் எடுத்துவைப்பார். இந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளூர்க் கடையை முழுக்கக் கைவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

உச்சவரம்பு அரிசி தீர்ந்துபோயிற்று என்று பக்கத்தில் இருக்கும் இறக்குமதி அரிசியைக் கைகாட்டினால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அதற்கு இந்த விலை பொருந்தாது. இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கோழிக்கும் முட்டைக்கும் இப்போது இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோழிக்கு 2023 நவம்பரில் எடுத்துவிட்டார்கள், முட்டைக்குக் கொடுத்த உதவித்தொகையும் 2025 ஆகஸ்ட் 1 முதல் நின்றது. அதனால் இந்த இரண்டிலும்தான் கடைக்குக் கடை விலை துள்ளும். தீபாவளி போன்ற பண்டிகைச் சமயங்களில் உள்நாட்டு வாணிப அமைச்சான கேபிடிஎன் பண்டிகைக்கால உச்சவரம்பு ஒன்று அறிவிக்கும். பருப்பு, தக்காளி, வெங்காயம், ஆட்டிறைச்சி மாதிரிச் சாமான்கள் அதில் வருவதுண்டு. அந்தச் சாமானுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் விலை அட்டை போட்டாக வேண்டும். அட்டையின் நிறத்தைப் பாருங்கள்.

5. கிலோ கணக்குப் போடுங்கள், கைத்தொலைபேசி எதற்கு இருக்கிறது

விலையை எடையால் வகுத்தால் கிலோ விலை. அவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாமல் நான் ஒரு வருடம் ஏமாந்தேன்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நினைத்துக்கொண்டு 2 கிலோ மைலோவை 38 வெள்ளி 90 காசுக்கு எடுத்தேன். பக்கத்துத் தட்டில் 1 கிலோ பாக்கெட் இரண்டு எடுத்தால் 36 வெள்ளி. கண்ணில் படவே இல்லை. பிஸ்கட்டில் டின் அதே அளவு, உள்ளே இருக்கும் எடை போன வருடத்தைவிடக் குறைவு. எண்ணெயில் இன்னொரு சூழ்ச்சி: செம்பனை எண்ணெயைக் கிலோவில் விற்கிறார்கள், சூரியகாந்தி போன்ற எண்ணெயை லிட்டரில் விற்கிறார்கள். 1 லிட்டர் எண்ணெய் 1 கிலோ வராது, 920 கிராம் அளவுதான் நிற்கும்.

முட்டையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாதத்துக்கு நான்கு தட்டு வாங்குகிற வீடு எங்களுடையது. ஏ தர முட்டை ஒன்று 65 கிராமுக்குக் குறையாது, பி 60, சி 55. ஒரு தட்டில் 30. அப்படியானால் ஏ தட்டு குறைந்தது 1.95 கிலோ, சி தட்டு 1.65 கிலோ. போன மாதம் நான் பார்த்த விலை ஏ 14 வெள்ளி 10 காசு, சி 12 வெள்ளி 60 காசு. வகுத்துப் பாருங்கள்: ஏ கிலோ 7 வெள்ளி 23 காசு, சி கிலோ 7 வெள்ளி 64 காசு. "சின்ன முட்டை மலிவு" என்று எல்லாரும் சி தட்டை அள்ளிக்கொண்டு போனார்கள். சுலபக் கணக்கு வேண்டுமானால், சி தட்டு 12 வெள்ளி இருக்கும்போது ஏ தட்டு 14 வெள்ளிக்குள் இருந்தால் ஏ எடுங்கள். ஆனால் கறியில் அவித்த முட்டை தலைக்கு ஒன்று என்று எண்ணிப் போடுகிற வீடாக இருந்தால் எண்ணிக்கைதான் கணக்கு, அப்போது சி.

கோழியில் "ஆயாம் ஸ்டாண்டர்ட்" என்றால் தலை, கால், ஈரல், இரைப்பை எல்லாமும் சேர்த்து நிறுப்பது. "ஆயாம் சூப்பர்" என்றால் அவை இல்லாதது, கிலோ விலை கூட. காலில் சூப்பு வைப்பீர்களா? ஸ்டாண்டர்ட் வாங்குங்கள். தூக்கித்தான் போடுவீர்கள் என்றால் சூப்பர்.

கேபிடிஎன் நடத்தும் பிரைஸ்கேட்சர் என்ற செயலியில் வட்டாரத்துக் கடைகளின் விலையைப் பார்க்கலாம், இலவசம். எல்லாச் சின்னக் கடையும் அதில் வராது. புறப்படுவதற்கு முன் கோழி, முட்டை இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டுப் போவேன்.

6. லேபிளை மலாயில் படியுங்கள்

தரம் என்று எல்லாரும் பேசுவது பாதி லேபிளில்தான் இருக்கிறது.

தேதி: "தாரிக் லுப்புட்", "குனா செபெலும்" என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு தொடாதீர்கள். "பாய்க் செபெலும்" என்றால் அதுவரை சுவையும் மணமும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். பாதி விலைக்கு ஒதுக்கி வைத்த தட்டில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். பிஸ்கட், சீரியல் போன்றவற்றை "பாய்க் செபெலும்" தேதிக்கு ஒரு வாரம் இருந்தாலும் எடுப்பேன், அன்றைக்கே பிள்ளைகள் காலி செய்துவிடுவார்கள். பால், தயிர், கோழிச் சாசேஜ் எடுக்கவே மாட்டேன். தட்டின் முன்வரிசையில் பழைய தேதி, பின்வரிசையில் புதுத் தேதி. கையை நீட்டிப் பின்னாலிருந்து எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

டின் பால்: தேத்தண்ணிக்கு ஊற்றுகிற டின்னைத் திருப்பிப் பாருங்கள். மலிவு டின்னில் "கிரிமெர் மானிஸ்" என்று இருக்கும். அது பால் அல்ல, செம்பனை எண்ணெயும் சீனியும் சேர்த்த கிரீமர். தேத்தண்ணிக்குப் போதும், நானும் அதுதான் வாங்குகிறேன். ஆனால் பால் என்று நினைத்துக் கைப்பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். கைப்பிள்ளைக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

நெய்: "சம்புரான்" என்ற சொல் இருந்தால் கலப்பு. சாமிக்கு விளக்கேற்ற, பொங்கலுக்கு ஊற்ற என்று வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பாதி விலை என்று எடுத்துவந்து, வீட்டில் மணமே இல்லையே என்று மோந்து பார்ப்பார்கள்.

டின் மீன்: மொத்த எடையைப் பார்க்காதீர்கள், "பெராட் தொஸ்கான்" என்று போட்டிருக்கும் எடையைப் பாருங்கள். சாறு வடித்த பிறகு மிஞ்சும் மீனின் எடை அதுதான்.

உறைந்த இறைச்சி: "டாகிங் இம்போர்ட்" என்று போட்ட மலிவுக் கட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சி. ஆடு வேண்டுமானால் "காம்பிங்" என்றும், செம்மறி என்றால் "பெபிரி" என்றும் எழுதியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அவசரத்தில் அந்த எருமை இறைச்சியில் 2 கிலோவை எடுத்து வந்துவிட்டார். மாமியாருக்குக் கண் மங்கல், ஆனாலும் சட்டிக்குப் போகும் முன் லேபிளை எட்டப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். அந்தக் கட்டி பக்கத்து மலாய்க்கார வீட்டுக்குப் போனது, அங்கிருந்து மறுநாள் ஒரு கிண்ணம் குவே பலகாரம் வந்தது.

7. எதை மலிவில் வாங்கலாம், எதைக் கூடாது

இது என் நாக்கு சொல்கிற தீர்ப்பு, உங்கள் நாக்கு வேறு சொல்லலாம்.

கடையின் சொந்த பிராண்டில் உப்பு, சீனி, டிஷ்யூ, பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை, ஓட்ஸ், பீஹூன் எனும் அரிசிச் சேமியா, டின் காளான் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரபல பிராண்டுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. துணிச் சோப்புத் தூள் மட்டும் பாதிப் பாதி. செம்பனைப் பழத்தின் கறையோடு வரும் வேலைத் துணிக்கு அது போதாது, விலை கூடியதைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கூடாதது முதலில் மசாலாத் தூள். மலிவுத் தூளில் ஒரு கறிக்கு இரண்டு கறியின் தூளைப் போட்டாலும் மணம் ஏறாது. மிளகாயும் மல்லியும் வாங்கி இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு மாவு மில்லில் கொடுத்து அரைத்துவிடுங்கள், நான்கு மாதத்துக்கு வரும். அடுத்து பருப்பு. பேரங்காடிப் பருப்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தாலும் சில சமயம் எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது, பழைய சரக்கு. மளிகைக் கடையில் கால் கிலோ வாங்கி வேகவைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மறுநாள் போய் 3 கிலோ வாங்குவேன்.

வெங்காயம், உருளைக்கிழங்கு வலைப் பையில் வந்தால் பையைத் திருப்பி அடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் உள்ளே ஒன்று அழுகிவிட்டது, இரண்டு நாளில் மற்றவையும் போகும். கிலோவுக்கு 50 காசு கூடினாலும் நாமே பொறுக்கி எடுக்கும் தட்டுதான் லாபம்.

அரிசி மூட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மூலையில் மாவு போலப் பொடி சேர்ந்திருந்தால் வண்டு இருக்கிறது. ரவை, கடலைமாவு, பருப்பை வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு நான்கு நாள் பிரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் வண்டும் செத்துப்போகும். எடுத்த பிறகு பாக்கெட்டை உடனே பிரிக்காமல் வெளியே வைத்து ஈரம் காய்ந்ததும் டப்பாவில் கொட்டுங்கள். அரிசியை மட்டும் அளவாக வாங்குவதே மேல், எங்கள் பிரீசரில் அதற்கு இடமில்லை.

உறைந்த சாமானுக்கு மீன் கடையில் வீசும் பாலிஸ்டிரின் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். எங்களுக்கு 2 வெள்ளிக்குக் கிடைத்தது. வெயிலில் நிற்கும் கார் பூட்டில் கோழி அரை மணி நேரம்கூடத் தாங்காது. பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி பொடியாகச் சேர்ந்திருந்தால் ஒருமுறை இளகி மறுபடி உறைந்ததாக இருக்கலாம், வைத்துவிடுங்கள். உறைந்த சாமானைக் கடைசியாக டிராலியில் போடுங்கள். நான் முதல் நாள் அதைத்தான் முதலில் போட்டேன்.

8. காவுண்டரில்

தட்டில் எழுதிய விலை ஒன்று, மிஷினில் விழுகிற விலை இன்னொன்று. இது எல்லா ஊரிலும் நடக்கிறது. விலை அட்டையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், பேச வேண்டியதே இருக்காது, காட்டினால் போதும். எனக்கு ஒருமுறை சலவைத் தூளில் 4 வெள்ளி கூடுதலாக விழுந்தது. படத்தைக் காட்டியதும் சூப்பர்வைசர் வந்து திருப்பிக் கொடுத்தார்.

"ஹார்கா ஆஹ்லி" என்றால் உறுப்பினர் விலை. அட்டையோ செயலியோ இல்லாமல் அந்த விலை விழாது. வரிசையில் நின்றுகொண்டு பதிந்தால் பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள், வீட்டிலேயே பதிந்துவிட்டு வாருங்கள். ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகையை 5 காசுக்குச் சரிசெய்வார்கள், அது ஏமாற்று அல்ல, 2008 முதல் இருக்கும் நடைமுறை. பை கொண்டு போங்கள்.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

9. சாரா உதவித்தொகை இருந்தால்

அரசின் ரொக்க உதவியான எஸ்டிஆருக்கு விண்ணப்பம் இன்னும் போடவில்லையா? வருமான வரி வாரியத்தின் மைஸ்டிஆர் தளத்தில் போடலாம், கட்டணம் இல்லை. குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். கையில் தயாராக வைத்திருக்க வேண்டியவை: கணவன் மனைவி இருவரின் மைகாட், பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட், வங்கிக் கணக்கு எண், சம்பளச் சீட்டு. கல்யாணமாகி வேறு மாநிலத்துக்கு வந்தவர்கள் திருமண நிலையையும் முகவரியையும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். நானே ஒரு வருடம் மறந்தேன்.

எஸ்டிஆர் கிடைக்கும் குடும்பங்களுக்கு அத்தியாவசியச் சாமான் வாங்க வரும் சாரா தொகை மைகாட்டில்தான் இருக்கும். பங்கெடுக்கும் கடையின் காவுண்டரில் மைகாட்டைக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். தொகை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், கிளம்பும் முன் மிச்சத்தைப் பார்த்துவிடுங்கள். கடையில் உள்ள எல்லாப் பொருளுக்கும் செல்லாது. அரிசி, மாவு, எண்ணெய், டின் உணவு, சோப்பு, பள்ளிச் சாமான் போன்ற குறிப்பிட்ட வகைக்குள்தான். தனியாகப் பிரித்து முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பணம் விழுகிற முதல் நாள் போகாதீர்கள், வரிசை வாசலைத் தாண்டும். மைகாட்டின் சிப் தேய்ந்திருந்தால் மிஷின் படிக்காது. எங்கள் வரிசையில் ஒரு பாட்டி முழு டிராலியையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன் அலுவலகத்தில் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

10. கெட்டுப்போன சாமான் வந்தால்

அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் காலையில், ரசீதோடும் சாமானோடும் கடைக்குப் போங்கள். முதலில் மரியாதையாகக் கேளுங்கள், பத்தில் எட்டுத் தடவை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் கேபிடிஎன்னின் 1-800-886-800 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம், கட்டணமில்லை. கடைப் பெயர், முகவரி, தேதி, நேரம், விலை, படம் இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். உணவில் பூச்சி, பூஞ்சணம், வயிற்றுப்போக்கு என்றால் அது மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் வேலை, மிச்சச் சாமானைப் பையில் கட்டி பிரிட்ஜில் வைத்திருங்கள்.

பெரிய தொகை போயிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மாத மளிகைக்கு அதுவரை போக வேண்டியிருக்காது. ஆனால் பிரிட்ஜ் வாங்கிய கதையில் எங்கள் தெருவில் ஒருவர் போய்க் காசைத் திரும்ப வாங்கிவிட்டார்.

வண்டு விழுந்த என் முதல் மூட்டைக்கு ரசீது இல்லை. புடைத்துத்தான் சாப்பிட்டோம்.